மூணடி தீபக்: மர வேலைக்கு அஞ்சு ஸ்டார், பித்தளைத் தகட்டுக்கு ஒண்ணு

வாங்கி ரெண்டு மாசம் ஓடிப்போச்சுங்க, இப்பத்தான் உக்காந்து எழுத நேரம் கெடச்சுது. கோயமுத்தூர்ல ஒரு பேட்டர்ன் பட்டறைல சொல்லி பண்ணுன கப்பல் மாடல் பத்தின ரிவ்யூ இது. பட்டறை பேரு போட மாட்டேன், அந்த அண்ணன் நல்ல மனுசன், ஒரு தப்புக்காக அவர் பொழப்புல மண்ணள்ளிப் போட மனசு வரல.

எதுக்கு வாங்குனேன்னு மொதல்ல சொல்லிடறேன், அப்பத்தான் கத புரியும். எங்களுக்கு திருச்செங்கோடு பக்கம், குடும்பமே லாரி. அப்பா, பெரியப்பா, நான், எல்லாருக்கும் கேஸ் டேங்கர், பால் டேங்கர்னு ஏதாச்சும் ஒரு வண்டி ஓடுது. என்ற மாமா ஒருத்தரு மட்டும், அம்மாவோட தம்பி, 1974ல சங்ககிரில ரயிலேறி நேவிக்கு போயிட்டாரு. லோனாவாலால ஐஎன்எஸ் சிவாஜில ட்ரெய்னிங், அப்பறம் 15 வருசம் பாய்லர் ரூம்லயே பொழப்பு. அதுல மூணு வருசம் ஐஎன்எஸ் தீபக்ல. தீபக்னா சண்டைக்கப்பல் இல்லீங்க, சண்டைக்கப்பலுக்கெல்லாம் நடுக்கடல்ல எண்ணெய் ஊத்துற டேங்கர் கப்பல். இதுல ஒரு கூத்து, மாமாவுக்கு பொண்ணு பாக்கப் போனப்ப பையன் டேங்கர்ல இருக்கான்னு எங்க அப்புச்சி சொல்ல, பொண்ணு ஊட்டுக்காரங்க எத்தன சக்கர வண்டிங்கன்னு கேட்டாங்களாம். நாமக்கல் பக்கம் டேங்கர்னா வேற என்ன நெனப்பாங்க.

அந்த மாமாவுக்கு போன தை மாசம் 70 முடிஞ்சுது, திருக்கடையூர் போயி பீமரத சாந்தி பண்ணலாம்னு முடிவாச்சு. வேட்டி சட்ட மோதிரம்னு எல்லாரும் எடுக்கறதயே எடுக்காம அவர் இருந்த கப்பலையே மாடலா பண்ணிக் குடுக்கலாம்னு எனக்கு ரோசனை. ஆன்லைன்ல தேடுனா போர்க்கப்பல் கிட் எச்சா கெடைக்குது, விக்ராந்த் கெடைக்குது, எண்ணெய் டேங்கர எவனும் சீண்ட மாட்டேங்கறான். கடைசில ஒரு ஃப்ரெண்டு சொல்லித்தான் இந்த பட்டறை. ஃபவுண்டரிக்கு மரத்துல பேட்டர்ன் செதுக்கறவரு, 40 வருசமா பம்ப்பு கேசிங்கும் மோட்டார் பாடியும் பண்ணி பண்ணி கை பழகுனவரு, இப்ப கம்ப்யூட்டர் மெசின் வந்து அந்த வேல கொறஞ்சு போனதால கோயில் தேர், பழைய பஸ், கப்பல்னு மாடல் பண்றாரு. 42,000 ரூவா சொன்னாரு, 10,000 அட்வான்ஸ், ரெண்டு மாசத்துல தர்றேன்னாரு. நான் சொன்னது ஒரே வரி: "ஐஎன்எஸ் தீபக், 1க்கு 200 அளவுல பண்ணிக் குடுங்ணா." இந்த ஒரு வரியிலதான் எல்லா வெனையும்.

ரெண்டு மாசம் நாலு மாசம் ஆச்சு, அது இருக்கட்டும், நம்ம பாடி கட்டற எடத்துல வண்டி விட்டாலும் அதே கததான். பார்சல் பிரிச்சதும் ஊடே ஒட்டுக்கா வாயப் பொளந்துச்சு. தேக்குத் துண்டுகள பட்டி பட்டியா ஒட்டி செதுக்குன உடம்பு, எந்த எடத்துல சேத்தாருன்னு நகத்த வெச்சு தடவுனாலும் தெரியல. கம்பமெல்லாம் பித்தளைக் கம்பிய லேத்துல கடைஞ்சது. எண்ணெய்க் குழாய்க்கு சைக்கிள் பிரேக் கேபிளோட வெளி உறைய எடுத்து கருப்படிச்சு, வளைச்சு வளைச்சு தொங்க விட்டிருக்காரு, அந்த மடிப்பு நெசக் கப்பல்ல எப்பிடி தொங்குமோ அப்பிடியேன்னு மாமாவே சொன்னாரு. சாம்பல் கலர் பெயிண்ட் எங்கயும் வழிஞ்சு நிக்கல. ஹெலிகாப்டர் தளத்துல வட்டக்கோடு, ஓரத்துல வலை, நூல் மாதிரி கைப்பிடிக் கம்பி. மர வேலைல நான் கொற சொல்ல ஒண்ணுமே இல்ல.

மாமா கண்ணாடிய மாட்டிட்டு கிட்ட போயி மொதல்ல பாத்தது பாய்லர் இருக்கற எடத்த இல்லீங்க, அந்த குழாய்க் கம்பத்தத்தான். அதுக்குப் பேரு ராஸ் கம்பமாம், ராஸ்னா ஓடிட்டே இருக்கற கப்பலுக்கு எண்ணெய் ஊத்துற வேல. நான் நெனச்சிட்டு இருந்தது, ரெண்டு கப்பலும் நின்னு, நம்ம பங்க்ல ஊத்தற மாதிரி ஊத்துவாங்கன்னு. நிக்கவே கூடாதாம். ரெண்டும் ஒரே வெசைல, 12 நாட் சொச்சத்துல, அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் பக்கமா, சமமா ஓடிட்டே இருக்கோணும், நடுவால 30ல இருந்து 50 மீட்டர். மாமா மாடல் பக்கத்துல ஒரு அகர்பத்தி டப்பாவ வெச்சு அளந்து காட்டுனாரு, இந்த அளவுக்கு அது ஒரு சாண்தான். ஒரு சாண் எட்டத்துல இருவதாயிரம் டன்னு இக்கட்ட, நாலாயிரம் டன்னு அக்கட்ட, கீழ கடலு ஆடுது.

துப்பாக்கில ஒரு சன்னக் கயித்த சுட்டு அந்தக் கப்பலுக்கு அனுப்புவாங்க, அத புடிச்சு இழுத்தா கொஞ்சம் மொத்தக் கயிறு, அதோட முனைல எஃகு வடம். வடத்த முறுக்கா கட்டி, அதுமேல குழாய உருள விட்டு தாட்டுனா, குழா முனைல இருக்கற ப்ரோப்பு எதிர்க்கப்பல்ல இருக்கற மணி மாதிரி வாய்க்குள்ள போயி டொக்குனு மாட்டும், அப்பறந்தான் பம்ப்பு ஓடும். எண்ணெய் ஓடற வரைக்கும் செவப்புக் கொடி ஏத்திருக்கோணும். நம்ம டேங்கர் பொறத்தால அபாயம்னு செவப்புல எழுதறமே, அதேதான். எவ்வளவு தூரம் தள்ளி இருக்கோம்னு தெரிய அளவுக் கயிறு ஒண்ணு தனியா, அதுல இத்தன மீட்டருக்கு ஒண்ணுன்னு கொடி தொங்கும்.

இதுல பெரிய ஆபத்து என்னன்னா ரெண்டு கப்பலும் பக்கத்துல பக்கத்துல ஓடுறப்ப நடுவால தண்ணி வெசையா ஓடி ஒண்ண ஒண்ணு இழுக்குமாம். சேலம் கொச்சி ரோட்டுல பைக்ல போகையில ஆம்னி பஸ்சு உரசறாப்ல ஏறிப் போச்சுன்னா நம்மள அப்பிடியே உள்ள இழுக்குமே, அதே கணக்கு. அதனால சுக்கான் புடிக்கறவன் அர டிகிரி கால் டிகிரின்னு திருப்பிட்டே இருப்பான், கீழ இன்ஜின் ரூமுக்கு ரெண்டு சுத்து கூட்டு, ஒரு சுத்து கொற அப்பிடின்னு ஆர்டர் வந்துட்டே இருக்கும். மாமா இருந்த தீபக் நீராவி டர்பைன் கப்பல், பாய்லர்ல பிரசர் கொஞ்சம் எறங்குனாலும் காத்தாடி சுத்து கொறைஞ்சு மேல குழா இழுபடும். "மேல எல்லாரும் கடல பாத்துட்டு இருப்பாங்க மாப்ளே, நான் மூணு வருசமும் பிரசர் முள்ளத்தான் பாத்தேன்"னாரு. 40 வருசமா எங்களுக்கு சொல்லாதத இந்த மாடல் வந்த அன்னைக்கு ஒரு மணி நேரத்துல சொல்லிட்டாரு, 42,000ல பாதி இதுக்கே சரியாப் போச்சுன்னு வெச்சுக்கலாம்.

அப்பறந்தான் துப்பாக்கிய பாத்தாரு. "ஏங்கண்ணு, இது ஏகே 630 இல்லையா? ரஷ்யாக்காரனோட சுழல் துப்பாக்கி. நாங்க இருக்கையில தீபக்ல இது ஏது?" அப்பிடின்னு கேட்டாரு. நான் முழிச்சேன். கீழ பீடத்துல பித்தளைத் தகடு, அதுல அழகா வெட்டியிருக்காங்க: ஐஎன்எஸ் தீபக், ஏ50, பிரேமர் வுல்கன், மேற்கு ஜெர்மனி, 1967, நீளம் 168 மீட்டர். தகட்டுல எழுதுனது சரியாத்தான் இருக்கு, அது மாமா இருந்த கப்பலப் பத்தினதேதான். எனக்கு சந்தேகம் வந்து, வண்டில இருந்த டேப்ப எடுத்துட்டு வந்து அளந்தேன். 87 அர சென்டிமீட்டர். 200ல பெருக்குனா 175 மீட்டர். 168ன்னா 84 சென்டிமீட்டருதான் வரோணும். மூணு அர சென்டி எச்சா. பேட்டர்ன் வேலைல அர மில்லி தப்புனாலே வார்ப்பு வீணாப் போயிரும், அந்த மனுசன் மூணு அர சென்டி தப்பு விடுவாரா? விடல. அவர் பண்ணுனது வேற கப்பல், ஒட்டுன தகடுதான் பழசு.

ஆமாங்க, தீபக் ரெண்டு இருக்கு. பழசு 1967ல ஜெர்மனில கட்டி வந்து 1996ல ஓய்வானது. புதுசு இத்தாலிக்காரன், ஃபின்கான்டியேரி கம்பெனி கட்டுனது, 2011 ஜனவரி 21ந் தேதி மும்பைல சேத்தாங்க. நேவில பழைய கப்பல் பேர புதுக் கப்பலுக்கு வெக்கறது வழக்கம், இதுல நம்பரும் அதே ஏ50. தங்கச்சிக் கப்பல் சக்திக்கும் இதே கததான், பழசு 1976ல வந்து 2007ல போச்சு, புதுசு 2011 அக்டோபர்ல விசாகப்பட்டினத்துல சேந்துச்சு, ரெண்டும் ஏ57. நம்மூர்ல தாத்தன் பேர பேரனுக்கு வெக்கறோம், ரேசன் கார்டுல குழப்பம் வருது பாருங்க, அதே குழப்பம்.

தகட்டோட முடிஞ்சிருந்தா பரவால்ல, கூட எட்டு பக்கத்துல ஒரு புத்தகம் வேற குடுத்திருந்தாங்க, கப்பலோட சேவை வரலாறுன்னு தலைப்பு போட்டு. அத படிச்சா தலைய சுத்துது. 1967ல கட்டுன தீபக் 2013ல ரஷ்யாவுல இருந்து விக்ரமாதித்யாங்கற விமானந்தாங்கிக் கப்பல கூட்டிட்டு வந்துச்சாம். 46 வருசத்து வண்டிக்கு எந்த ஆர்டிஓ எஃப்சி குடுப்பாரு? கூட வந்தது புது தீபக். 2013 நவம்பர்ல செவரோத்வின்ஸ்க்ல விக்ரமாதித்யாவ நேவில சேத்தப்பறம் வழிக்கு ட்ரிகண்ட்ங்கற போர்க்கப்பலும் இந்த தீபக்கும் கூட, 2014 ஜனவரில கார்வார் வந்து சேந்தாங்க. அவ்வளவு தூரம் வர்ற விமானந்தாங்கிக்கு கூடவே பங்க்கு ஒண்ணு வரலைன்னா துறைமுகம் துறைமுகமா கேன எடுத்துட்டு நிக்க வேண்டியதுதான்.

அடுத்த தப்பு இன்னும் பெருசு. 1971 டிசம்பர் 4 ராத்திரி கராச்சிய அடிக்கப் போன படகுகளுக்கு கூட போனது தீபக்குன்னு போட்டிருக்கு. மாமாவுக்கு அங்கதான் கோவம் வந்துச்சு. அன்னைக்கு நிபாத், நிர்காத், வீர்னு மூணு ஏவுகணைப் படகு, கில்டன், கட்சல்னு ரெண்டு துணைக் கப்பல், கூட போன டேங்கர் பேரு போஷக். அந்தப் படகெல்லாம் கரையோரம் காவல் காக்க வாங்குன சின்னப் படகு, டேங்கு சிறுசு, கராச்சி போயிட்டு வர்ற அளவுக்கு எண்ணெய் புடிக்காது, கூட போஷக் இல்லைன்னா சங்கதியே இல்ல. மாமா சேர்றதுக்கு மூணு வருசம் முன்னால நடந்ததுதான், ஆனா டேங்கர்ல இருந்தவங்க அந்தப் பேர விட்டுக் குடுக்க மாட்டாங்க போல. நாலு நாள் கழிச்சு டிசம்பர் 8 ராத்திரி ரெண்டாந்தரம் போனப்ப அடி வாங்குனதுல ஒண்ணு பாகிஸ்தான் நேவியோட எண்ணெய்க் கப்பல் டாக்கா. எதிரியும் அவன் டேங்கர வெச்சுத்தான் ஓடறான், அத சாய்ச்சா மத்தது தானா நிக்கும்னு மாமா சொன்னாரு. லாரி ஸ்ட்ரைக் பண்ணுனா ஊரே நிக்குதே, அதே சங்கதிதானுங்க.

புத்தகத்துல சக்திய பத்தி ஒரு வரி கூட இல்ல, அது எனக்கு கொறையாத்தான் பட்டுச்சு. 2006 ஜூலைல லெபனான்ல சண்டை வந்தப்ப மாட்டிக்கிட்ட நம்மாளுங்கள பெய்ரூத்துல இருந்து சைப்ரசுக்கு ஏத்திட்டுப் போச்சே, மும்பை, பிரம்மபுத்ரா, பேத்வான்னு மூணு கப்பல், அதுங்க கூட நின்னது பழைய சக்தி. 30 வயசுல, அடுத்த வருசம் ஓய்வு. பேப்பர்ல வந்த போட்டோல எல்லாம் மும்பை கப்பல்தான் இருந்துச்சு.

புது தீபக்க பத்தி சரியா எழுதிருந்தாலே புத்தகம் நெறஞ்சிருக்கும். 2014 டிசம்பர்ல மாலத்தீவு தலைநகர் மாலேல தண்ணி கம்பெனில தீப்புடிச்சு கடல்தண்ணிய நல்லதண்ணியாக்கற பிளான்ட் நின்னு போச்சு, ஊரே குடிக்கத் தண்ணி இல்லாம தவிச்சுது. நம்ம விமானங்க பாட்டில் தண்ணி எறக்குச்சு, சுகன்யா கப்பல் மொதல்ல போச்சு, பொறகு மும்பைல இருந்து தீபக் ஆயிரம் டன்னுக்கு பக்கமா தண்ணியோட போயி நின்னுச்சு. 12,000 லிட்டர் தண்ணி லாரில அடிச்சா 80 நடைக்கு மேல. சிறுவாணி தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வந்த காலத்த பாத்தவங்களுக்கு இதோட அரும தெரியும். 2018 கேரளா வெள்ளத்துலயும் கொச்சிக்கு தண்ணியும் சாமானும் கொண்டு போச்சு.

அளவு கேக்கறவங்களுக்கு: புதுசு நெறை லோடுல 27,500 டன், 25 மீட்டர் அகலம், ரெண்டு டீசல் இன்ஜின் ஒவ்வொண்ணும் 10,000 கிலோவாட், வெசை 20 நாட். எண்ணெய் தண்ணின்னு திரவ லோடு மட்டும் 15,500 டன் புடிக்கும், மணிக்கு 1,500 டன் ஊத்தும். நம்ம கேஸ் புல்லட் ஒண்ணுல 18 டன் ஏத்தறோம், அத எறக்க எத்தன மணி நேரம் காத்துக் கெடக்கறோம்னு உங்களுக்கே தெரியும். அடிப்பக்கம் ரெட்டைத் தகடு, மோதுனாலும் எண்ணெய் கடல்ல கொட்டாம இருக்க. அந்த இரும்பு பத்தி சிஏஜி, அதான் அரசாங்கக் கணக்க தணிக்கை பண்றவங்க, ரிப்போர்ட்ல ஒரு பஞ்சாயத்து ஓடுச்சு, போர்க்கப்பலுக்கு போடற ரகம் இல்லைன்னு. மாடல்ல தேக்கு, அதனால நமக்கு அந்தக் கவலை இல்ல.

சரி, பட்டறைக்கு போன் போட்டேன். "ஏனுங்ணா, பழைய கப்பலுக்கு தகடு அடிச்சு புதுக் கப்பல குடுத்திருக்கீங்களே"ன்னேன். அவரு ஒரு நிமிசம் பேசவே இல்ல. அப்பறம், "தம்பி, நெட்டுல தீபக்னு அடிச்சா இந்தப் படந்தானுங்க வந்துச்சு, நான் படத்த பாத்து செஞ்சேன், தகடும் புத்தகமும் என்ற மச்சினன் பையன் பண்ணுனது, அவன் எங்கயோ பாத்து எழுதிட்டான். எந்த தீபக்னு நீங்களும் சொல்லலீங்களே"ன்னாரு. அதுவும் நெசம். வாட்சாப்ல வாரா வாரம் போட்டோ அனுப்புனாரு, நானும் சூப்பருங்ணா சூப்பருங்ணான்னு கட்டவெரல காட்டிட்டு இருந்தேன், ஒரு போட்டோவ மாமாகிட்ட காட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், சர்ப்ரைஸ் பண்றேன்னு போயி நானே மாட்டிக்கிட்டேன். ஆனா 42,000 வாங்கறவரு ஒரே பேர்ல ரெண்டு கப்பல் இருக்குதா, எந்த வருசத்துதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். மரத்த தப்பா வெட்டுனா வேற மரம் போட்டு செதுக்கறவரு எழுத்துக்கு அந்த அக்கறைல கால்வாசி கூட காட்டல, அதுக்குத்தான் ஒரு ஸ்டார்.

அப்பறம் நடந்தது பரவால்ல. சண்ட போடாம புதுத் தகடு ஓசில வெட்டித் தாரேன்னாரு, பதினஞ்சு நாள்ல லாரி சர்வீஸ்ல வந்துச்சு, எழுத வேண்டியத மாமாவே கைப்பட எழுதிக் குடுத்தாரு. புத்தகத்த வேண்டாம்னுட்டோம். கண்ணாடிப் பொட்டி ஒரு மூலைல விரிசல் விட்டு வந்துச்சு, அதுக்கு 600 ரூவா கழிச்சாரு. பேக்கிங் இன்னும் நல்லா பண்ணோணும், வைக்கோல் போட்டு சுத்தறதெல்லாம் மாம்பழத்துக்கு சரி.

மாமாவுக்கு வருத்தமான்னு கேட்டீங்கன்னா, கோவமெல்லாம் போஷக் பேர விட்டதுக்குத்தான். கப்பல் மாறுனதுக்கு, "எங்கப்பன் பேரத்தான் உனக்கு வெச்சிருக்குது, அதுக்காக உன்னய அப்பான்னா கூப்புடறேன்? இது வேற ஆளு, இருந்துட்டுப் போகட்டும்"னாரு. டிவிக்கு பக்கத்துலதான் வெச்சிருக்காரு. பெயிண்ட் பிரஷ்ல தூசி தட்டறாரு, பேரன் கிட்ட வந்தா வெரட்டறாரு.

வாங்கறவங்களுக்கு: மரவேலை வேணும்னா கண்ண மூடிட்டு வாங்கலாம், விலைக்கு தகும். எந்தக் கப்பல், எந்த வருசம், எங்க கட்டுனதுன்னு நீங்களே பேப்பர்ல எழுதி, படத்த பிரிண்ட் போட்டு கைல குடுங்க. தகட்ட வெட்டறதுக்கு முன்னால எழுத்த வாங்கிப் படிங்க. புத்தகம் ஓசில தந்தாலும் வாங்காதீங்க. விசாகப்பட்டினத்துல ஹிந்துஸ்தான் ஷிப்யார்டுல 44,000 டன்ல அஞ்சு டேங்கர் கட்டறதுக்கு 2023ல ஒப்பந்தம் போட்டிருக்காங்க, அதுக்கெல்லாம் எந்தப் பழைய பேரு வெப்பாங்களோ, அப்பறம் மாடல் கேக்கறவன் கதி இன்னும் மோசம்.

பழைய தகடு, அந்த 1967 போட்டது, அத தூக்கிப் போட வேண்டாம்னு மாமா எடுத்து பத்தரமா வெச்சிருக்காரு. போன வாரம் பென்சன் பணத்துல இருந்து அவரே 10,000 அட்வான்ஸ் அனுப்பிட்டாரு, 84 சென்டிமீட்டருக்கு. அண்ணன் இந்தத் தடவ 35,000க்கு ஒத்துக்கிட்டாரு, ஆனா நாலு பக்கமும் தெளிவா தெரியற படம் வேணும்ங்கறாரு, நெட்டுல தேடுனா திருப்பித் திருப்பி பேரன், அதான் அந்த புது தீபக்தான் வர்றான். 1996க்கு முன்னால எடுத்த பழைய தீபக் போட்டோ, குறிப்பா பொறத்தால இருந்து எடுத்தது, உங்க ஊட்டுல யாராச்சும் நேவில இருந்து வெச்சிருந்தா கீழ சொல்லுங்க, ஸ்கேன் பண்ணிட்டு பத்தரமா திருப்பிக் குடுத்தர்றேன்.